ஒற்றை ஞானப்பல்

வலியே இல்லாத ஒரு பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்பதற்காகத் தணிகாசலம் தன் மகளை டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார். கூடாது என்று டாக்டர் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் வழியெல்லாம் அவருடைய வேண்டுதல். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக மூலையிலிருந்த குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கை என்று காரணம் வேறு சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் தஸ்லீம் மேசைக்கு மேலே தளிரின் கீழ்த்தாடையை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். வெளிச்சத்தால் ஆன தாடை, விரலசைத்தால் திரும்பியது. மற்ற பற்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்க, இடது பக்கம் கடைசியில் ஒன்று மட்டும் ஈறுக்குள்ளேயே சாய்ந்து படுத்துக் கிடந்தது.

“இதுதான் ஞானப்பல். பதினேழு பதினெட்டு வயசுக்கு மேல முளைக்கிறதால அந்தப் பேரு. மத்தபடி ஞானத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சிலருக்கு நாலும் இருக்கும், சிலருக்கு ஒண்ணுகூட இருக்காது. உங்க பொண்ணுக்கு இந்த ஒண்ணு மட்டும்தான் உருவாகியிருக்கு.”

“எனக்கு அவ்ளோதான் ஞானம் போல,” என்றாள் தளிர்.

செந்தளிர் என்று அவள் அம்மா அமுலு ஆசையாக வைத்த பெயர். அமுலு போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு நாலு வயது. இப்போது பதினெட்டு. எண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. காலையில் படித்தது மாலையில் நிற்காது. டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கும். பத்தாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே தன்னைப் பற்றிச் சிரித்துவிட வேண்டும் என்று எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள்.

“எடுத்துத்தான் ஆவணுமா டாக்டரம்மா?”

“எதுக்கு எடுக்கணும்? வலிச்சா எடுக்கணும். சீழ் வச்சா, பக்கத்துப் பல்லை அரிச்சா எடுக்கணும். சும்மா படுத்திருக்கிற பல்லைச் சும்மா விட்டுட்டு, அப்பப்போ படம் எடுத்துப் பார்த்தாப் போதும். அதுவுமில்லாம, வேருக்கு அடியில ஒரு கோடு போகுது பாருங்க. அது நரம்பு. பல்லை எடுக்கும்போது அது நசுங்கிச்சுன்னா கீழ் உதட்டுல பாதி மரத்துப்போகும். நெறைய பேருக்குக் கொஞ்ச மாசத்துல சரியாயிடும். சிலருக்குக் கடைசி வரைக்கும் ஆகாது.”

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. “அப்போ வாணாங்க,” என்றார்.

“ஆனா நீங்க பல்லுக்காக வரலியே. கேஸுக்காகத்தானே வந்திருக்கீங்க.”

அவர் குழாயடியைப் பார்த்தார். தளிர்தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “அந்த மெசின் இன்னா பண்ணும் மேடம்?” என்று கேட்டாள்.

பல்லை அறுத்து அதன் வரிகளைப் படிக்கும் வரிமானி நீதிமன்றங்களுக்குள் நுழைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பேச்சு வழக்கில் பல்லு மெசின். இருபதாண்டுகளாக ஆலைகளும் ஊர்களும் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டிருந்த வழக்குகளில் அது வந்து உட்கார்ந்ததும் வக்கீல்களின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“வீட்டுச் சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோமில்ல,” என்றார் டாக்டர். “ஓரத்துல சுரண்டினா, எந்த வருஷம் எந்தக் கலர்னு ஒண்ணு கீழ ஒண்ணா தெரியும். பல்லு மேல இருக்கிற வெள்ளைப் பூச்சும் அப்படித்தான் உருவாகுது, கொஞ்சம் கொஞ்சமா. அந்தச் சமயத்துல ரத்தத்துல என்ன இருக்கோ அதையும் சேர்த்துப் பூசிடும். அப்புறம் அது அழியாது. மத்தப் பல்லுக்கெல்லாம் இந்தப் பூச்சு வேலை சின்ன வயசுலயே முடிஞ்சுபோகும். ஒம்பது வயசுலேருந்து பதினாலு வரைக்கும் உடம்புக்குள்ள என்ன போச்சுன்னு பூச்சுல எழுதி வச்சிருக்கிறது ஞானப்பல் மட்டும்தான். அதைப் படிக்கணும்னா பல்லை அறுக்கணும். வாயில வச்சுக்கிட்டே படிக்க முடியாது.”

“எந்த மாசம்னுகூடத் தெரியுமா?” என்றாள் தளிர்.

“தெரியும். வெயில் காலமா, மழைக்காலமான்னு தாராளமா சொல்லிடலாம்.”

தளிர் தலையாட்டிக்கொண்டாள். தணிகாசலம் எழுந்து போய் மறுபடியும் கையைக் கழுவினார்.

அவர்கள் ஊரான சாத்தந்தாங்கலில் தளிர் வயதுப் பிள்ளைகள் ஒரு தெரு நிறைய இருந்தார்கள். பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் ஆலையின் மதிலுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள். மந்தப் பிள்ளைகள் என்று பள்ளிக்கூடமே பெயர் வைத்திருந்தது. ஈயம் ரத்தத்தில் ஏறித்தான் இப்படி ஆனார்கள் என்று ஊர் ஆலை மேல் வழக்குப் போட்டிருந்தது. ஆனால் அவர்களில் யாருக்கும் இப்போது ஞானப்பல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆலைக்காரர்கள் பள்ளியில் இலவசப் பல் முகாம் நடத்தினார்கள். பின்னால் வலிக்கும், இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். பந்தல் போட்டு, பல் எடுத்த பிள்ளைக்கெல்லாம் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பற்கள் மஞ்சள் பையில் கட்டப்பட்டு ஆலை வண்டியிலேயே போயின. வரிமானி என்று ஒன்று வரப்போவது ஊருக்குத் தெரியாது, ஆலைக்குத் தெரிந்திருந்தது. ஆலைக்காரன் பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் தொட மாட்டேன் என்ற வீம்பில் தணிகாசலம் மட்டும் மகளை அனுப்பவில்லை. அதை முன்யோசனை என்று ஊர் இப்போது மெச்சியது. இருந்த ஒரே சாட்சி தளிரின் வாய்க்குள் படுத்திருந்தது.

அந்தச் சாட்சிக்குத்தான் அவர் பயந்தார்.

தளிர் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், புகை தாங்காமல் அதிகாரிகள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஆலைக் கதவு திறக்கவில்லை. ஆனால் ஆலை நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் லாரி வந்து பேட்டரித் தகடுகளை மூட்டை மூட்டையாகத் தெருவில் இறக்கும். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுப் பின்பக்கம் அடுப்பு மூட்டி, இரும்புக் கடாயில் உருக்கி, ஆலை கொடுத்த அச்சில் ஊற்றிப் பாளமாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். தெருவில் அடுப்பு எரியாத வீடு இல்லை. தணிகாசலமும் உருக்கினார்.

ஆலையில் வேலை முடிந்து வருபவன் கையில் ஓர் அச்சு வெல்லம் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். தொண்டைக்குள் போன தூசியை வெல்லம் கீழே இறக்கிவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. வீட்டில் உருக்க ஆரம்பித்ததும் லாரி மூட்டையோடு வெல்லத்தையும் இறக்கியது. தணிகாசலம் தன் பங்கைத் தின்றதேயில்லை. தாயில்லாப் பிள்ளை இந்தப் புகையிலேயே கிடக்கிறதே என்று, பள்ளிவிட்டு ஓடிவரும் மகளைப் பக்கத்தில் இழுத்து, அடுப்படியில் குந்திய வாக்கிலேயே வெல்லத்தை உடைத்து அவள் வாயில் போடுவார். உடைத்த கை, தகடு அள்ளிய கை. துணியில் துடைத்தும் துடைக்காததுமான கை.

சீல் எடுத்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, ஊருக்குள் வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். மூக்கு வழியாகப் போவதைவிட, கையில் ஒட்டிய தூசி வாய் வழியாகப் போவதுதான் குழந்தைகளை அதிகம் கெடுக்கும் என்றார். வெல்லம் எதையும் இறக்காது, அது வெறும் பேச்சு என்றார். தணிகாசலம் வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அன்றையிலிருந்து அவர் மகளுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை.

வழக்குப் போடும்போது தெருக்காரர்கள் எல்லோரும் கங்கையம்மன் கோயிலில் கூடி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். வீட்டில் உருக்கியதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் நம்மைத்தான் முதலில் பிடித்து உள்ளே வைப்பார்கள், ஆலை தப்பித்துவிடும் என்றார் சங்கத் தலைவர் எத்திராஜ். அதில் நியாயமும் இருந்தது.

டாக்டரிடம் போய் வந்த சேதி தெரிந்து எத்திராஜ் மறுநாளே வந்துவிட்டார். அவருடைய மகன் இருபது வயதிலும் வாசலில் உட்கார்ந்து சிமெண்ட் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பவன். பேசவே மாட்டான்.

“இன்னா தணிகா, எப்ப எடுக்கறாங்களாம்?”

“எடுக்க வாணாம்னு பாக்கறேன். உதடு மரத்துப் பூடுமாம். ஏற்கனவே கை ஆடுது அதுக்கு. பொம்பளப் புள்ள.”

எத்திராஜ் தன் வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “பெத்தவனுக்குத்தான் தெரியும். நான் எப்டிக் கேக்க முடியும்,” என்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு வரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல்லில் ஈயம் இருந்தால் ஜெயம் என்ற அளவுக்குத்தான் தெரியும். மழைக்காலம் தனியாகத் தெரியும் என்று தணிகாசலம் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாசமுள்ள தகப்பன் என்று மறுநாள் தெருவே பேசியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தளிர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“உதட்டுக்காகவா நைனா வாணாங்கற?”

“வேற இன்னாத்துக்கு?”

“எனக்கு உதடு போனாப் பரவால்ல.” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “நான் பொறக்கறப்பவே இப்டியா, இல்ல நடுவுல ஆனனா, எனக்குத் தெரியணும். எல்லாரும் பொறப்பேன்றாங்க. டீச்சரும் அதான் சொன்னாங்க. இல்ல, நல்லாத்தான் பொறந்தே, அப்புறம் ஆச்சுன்னு அந்தப் பல்லு சொல்லிச்சுன்னா எனக்கு அது போதும். கேஸு ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் அந்த நிமிடமே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சொன்னால் அவள் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“உன் இஷ்டம்,” என்று மட்டும் சொன்னார்.

அவளே போய் டாக்டரிடம் சம்மதம் சொன்னாள். டாக்டர் தஸ்லீம் இரண்டு தடவை வேண்டாம் என்றார், மூன்றாவது தடவை ஊசியை எடுத்தார். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் தள்ளி, நரம்பைத் தொடாமல் இருக்க ஆனமட்டும் பார்த்தார். ஆனாலும் மரப்பு ஊசியின் வேகம் போன பிறகும் தளிரின் கீழ் உதட்டில் இடது பாதி திரும்பி வரவில்லை. தண்ணீர் குடித்தால் அந்த ஓரமாக ஒழுகியது. அவளுக்கே தெரியாமல் ஒழுகும்; தணிகாசலம் துண்டை நீட்டுவார். சீல் வைத்த சின்னக் குப்பியில் பல் சென்னைக்குப் போயிற்று.

விசாரணை மன்றம் ஊருக்கே வந்தது. வேறு பெரிய இடம் இல்லாததால் திருமண மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் வாடாமல் நின்றது. உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். தளிர் முன் வரிசையில், தகப்பனை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வகத்திலிருந்து வந்தவர் பல்லின் வரிகளைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டினார். முதலில் உருவான வரிகளைக் காட்டி, “இந்தக் குழந்தை ஒன்பது வயதில்கூட ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்திருக்கிறது,” என்றார். தளிர் தகப்பனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வரிகள் கறுத்துக்கொண்டே போயின. நடுவில் ஓர் இடம் மற்ற எல்லாவற்றையும் விடக் கறுப்பு.

ஆலையின் வக்கீல் சாவகாசமாக எழுந்தார். “அந்தக் கறுப்பு எந்தக் காலம் என்று சொல்ல முடியுமா?”

“குழந்தைக்குப் பத்து வயதான வருடத்து மழைக்காலம்.”

“அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் ஆலைக்கு அரசாங்கம் சீல் வைத்திருந்தது. அடுப்பே எரியவில்லை. அப்போதுதான் விஷம் உச்சத்தில் இருந்திருக்கிறது என்றால், விஷம் எங்களுடையது அல்ல. மேற்கொண்டு நான் சொல்ல என்ன இருக்கிறது?”

உருக்கிய கைகள் எல்லாம் மடிக்குள் போயிருந்தன. எத்திராஜ் மெதுவாகத் திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தார். உதட்டுக்காக இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

தணிகாசலம் கற்பூரத்தை நினைத்தார். உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருப்பது போல இருந்தது. பக்கத்தில் மகள் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தாள். இப்போது உட்கார்ந்தே இருந்துவிட்டால், நடுவில்தான் ஆனாள், ஆனால் யாராலும் இல்லை என்று முடிந்துவிடும். அவளுக்கு அந்தப் பாதி பதில்தான் மிஞ்சும்.

எழுந்தார்.

“ஆலை மூடல அம்மா. எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. நான்தான் உருக்கினேன்.”

மன்றத் தலைவராக இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “விவரமாகச் சொல்லுங்கள்.”

சொன்னார். லாரியைச் சொன்னார், கடாயைச் சொன்னார். வெல்லத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்து, மறுபடி சொன்னார். “தூசி எறங்கட்டும்னுதான் குடுத்தேன். அந்தக் கையால, கழுவாம, தெனம் ஊட்டினேன். எம் பொண்ணு வாயில வெஷத்த வச்சது நான்தாம்மா. வேற யாரும் இல்ல.”

“நீங்கள் சொல்வது நீங்கள் செய்த குற்றம்,” என்றார் வக்கீல். “எங்கள் ஆலை சொல்லித்தான் செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?”

“நாங்க ஊத்தற பாளத்துலயும் ஆலை முத்திரை விழணும்னு ஆலையிலேருந்தே அச்சு குடுத்தாங்க. அதை வூட்டுக்குப் பின்னால பொதைச்சு வச்சிருக்கேன். முத்திரை தலைகீழாக் கெடக்கும். வந்து தோண்டிப் பாத்துக்குங்க.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வேறு எந்தெந்த வீட்டில் உருக்கினார்கள் என்று தலைவர் கேட்டார். தணிகாசலம் மற்றவர்களைப் பார்க்காமல், “என் வூட்ட பத்தித்தான் எனக்குத் தெரியும்,” என்றார். வேறு யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் எழவில்லை. மறுநாள் அச்சைத் தோண்டி எடுக்கவும், தணிகாசலத்தின் மேல் தனியாக வழக்குப் பதியவும் உத்தரவிட்டு மன்றம் கலைந்தது.

வாசலில் எத்திராஜ் அவரைத் தாண்டிப் போனார். வேகவேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். தன் அச்சைத் தோண்டி எடுத்து வரப் போகிறாரா, இன்னும் ஆழமாகப் புதைக்கப் போகிறாரா என்று அந்த நடையிலிருந்து சொல்ல முடியவில்லை.

தணிகாசலம் மண்டபத்துக் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் எங்கே இருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் இனிமேல் பேசவே மாட்டாள் என்று தீர்மானமாக நினைத்தார். அதுதான் சரி என்றும் பட்டது.

“போதும் நைனா. தோலு உரிஞ்சிடும்.”

தளிர் எதிர்க் கடையில் டீயும் பன்னும் வாங்கி வந்திருந்தாள். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, டீயை ஒரு மடக்குக் குடித்தாள். இடது ஓரமாக ஒழுகியது. அவர் துண்டை எடுக்கவில்லை, அவளே புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு அந்த வெல்லம் ஞாபகம் இருக்குது,” என்றாள். “எனக்குத்தான் எதுவும் நிக்காதே, இது மட்டும் நின்னுச்சு. நான் ஸ்கூல்லேருந்து வந்தா நீ வூட்ல இருப்ப. கிட்ட இஸ்து வாயில போடுவ. அப்புறம் ஒருநாள் நிறுத்திட்ட. நான் கிட்ட வந்தாலே எழுந்து போயிடுவ.”

அவர் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

“அந்த வாரம்தான் கணக்குல முட்டை வாங்கினேன். அதான் கோவம்னு நெனச்சேன். நான் மக்குன்றதாலதான் நைனாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன், இத்தினி வருசமும். இன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு.”

“உன்னப் புடிக்காமயாம்மா,” என்றார். படியில் உட்கார்ந்து அழுதார். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். தளிர் அவரைத் தேற்றவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்லவில்லை. அழுது முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகு பன்னைப் பிட்டு டீயில் தோய்த்தாள். விரல் நடுங்கி, துண்டு டம்ளருக்குள்ளேயே விழுந்துவிட்டது. மிச்சப் பன்னை அவர் பக்கம் நீட்டினாள்.

“ஊட்டு.”

அவர் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். ஈரம் இன்னும் காயவில்லை. பன்னை வாங்கிப் பிட்டு, டீயில் தோய்த்து, அவள் வாயருகே கொண்டுபோனார்.

“அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது நைனா,” என்று அவள் முகத்தைத் திருப்பினாள். “இந்தப் பக்கம் குடு.”

அவர் வலது பக்கமாகக் கொடுத்தார்.